சிறிய கார், பெரிய கணக்கு



பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கு நீங்கள் சென்றிருப்பீர்கள். மேசை மேல் ஒரு மாதிரி பளபளவென்று நிற்கும். அணைக்கட்டு, ராக்கெட், கார் என்று ஏதேனும் ஒன்று. பார்க்க அழகாகத்தான் இருக்கும். பக்கத்தில் நிற்கும் மாணவரிடம், "இது உண்மைப் பொருளில் எத்தனையில் ஒரு பங்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. அது கடையில் விலைக்கு வாங்கியதாக இருக்கும். அல்லது வீட்டுப் பெரியவர்கள் இரவில் கண்விழித்து ஒட்டிக் கொடுத்ததாக இருக்கும்.

எத்தனையில் ஒரு பங்கு என்று சொல்ல முடியாத மாதிரி வெறும் பொம்மைதான். பொம்மை கெட்ட பொருள் அல்ல. ஆனால் அதை அறிவியல் என்று சொல்லிப் பரிசு கொடுப்பது சரியல்ல. இதற்கு மாற்றாக ஒரு பொழுதுபோக்கை உங்கள் முன் வைக்கிறேன். அளவு மாறாமல் சிறிய கார் செய்து, அதற்கு வண்ணம் பூசுவதே அது. "படிக்கிற பிள்ளைக்குக் கார் பொம்மை எதற்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இக்கட்டுரை.

முதலில் அளவு விகிதத்தைப் பார்ப்போம். மாதிரிக் கார்கள் 1/18, 1/24, 1/43, 1/64 போன்ற அளவுகளில் செய்யப்படுகின்றன. 1/24 என்றால் உண்மைக் காரின் 24 செ.மீ., மாதிரியில் 1 செ.மீ. ஆகும். அரை அங்குலத்தை ஓர் அடியாகக் கொள்ளும் வழக்கத்திலிருந்து வந்த அளவு இது. 1/43 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் மாதிரி ரயில்களில் ஓர் அடியை 7 மி.மீ. ஆகக் கொண்ட ஒரு முறை உண்டு. ஓர் அடி 304.8 மி.மீ. அதை 7-ஆல் வகுத்துப் பாருங்கள். 43.5 வரும். அந்த ரயில்களின் பக்கத்தில் நிறுத்தச் செய்த கார்களுக்கும் அதே அளவு ஒட்டிக்கொண்டது.

இப்போது ஒரு கணக்கு. 2014-ஆம் ஆண்டு வரை மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர் காரை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் ஏறத்தாழ 4.32 மீட்டர். எடை 1,100 கிலோகிராமுக்குச் சற்று மேல். 1/24 அளவில் அதன் நீளம் 18 செ.மீ. எடை எவ்வளவு? 1,100-ஐ 24-ஆல் வகுத்து 46 கிலோ என்று சொல்லிவிடாதீர்கள். 18 செ.மீ. காரைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருக்கும்! நீளம், அகலம், உயரம் மூன்றும் 24-ல் ஒரு பங்காகச் சுருங்குகின்றன. ஆகவே கன அளவு 24 × 24 × 24, அதாவது 13,824-ல் ஒரு பங்காகிறது. அதே உலோகத்தில் செய்தால் எடை சுமார் 80 கிராம்தான். மேற்பரப்போ 576-ல் ஒரு பங்கு. நீளம் ஒரு விதமாகவும், பரப்பு ஒரு விதமாகவும், கன அளவு மற்றொரு விதமாகவும் சுருங்குவதை வகுப்பில் சூத்திரமாகப் படிக்கிறோம். கையில் பிடித்துப் பார்த்தவருக்கு அது மறப்பதில்லை.

இந்தக் கணக்கின் விளைவுகள் வியப்பானவை. எடை 13,824-ல் ஒரு பங்கு. அதைத் தாங்கும் அச்சின் குறுக்குப் பரப்பு 576-ல் ஒரு பங்கு. ஆகவே மாதிரியின் அச்சில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்க வேண்டிய சுமை, உண்மைக் காரில் உள்ளதைப் போல 24-ல் ஒரு பங்குதான். அதனால்தான் உங்கள் காருக்கு எஃகு அச்சு வேண்டியதில்லை. மூங்கில் குச்சி போதும். உருவம் மாறாமல் பெரிதாக்கினால் வலிமை அதே விகிதத்தில் பெருகாது என்பதை 1638-இல் வெளியான நூலில் கலிலியோ விளக்கியிருக்கிறார்.

75 செ.மீ. உயர மேசையிலிருந்து உங்கள் மாதிரி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் அளவில் அது 18 மீட்டர், அதாவது ஆறு மாடி உயரம். உண்மைக் கார் அங்கிருந்து விழுந்தால் மணிக்குச் சுமார் 68 கி.மீ. வேகத்தில் தரையில் மோதி நொறுங்கும். மாதிரியோ மணிக்கு 14 கி.மீ. வேகத்தில் மோதி, ஒரு கீறலுடன் தப்பிவிடும். ஏன்? புவியீர்ப்பு நம் மாதிரிக்காகத் தன்னைச் சுருக்கிக்கொள்வதில்லை. உருவத்தைச் சுருக்கலாம், இயற்கை விதிகளைச் சுருக்க முடியாது.

கார் தயாரிப்பாளர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. காற்றுச் சுரங்கத்தில் கால் அளவு மாதிரியை வைத்துச் சோதிக்கும்போது, காற்று உண்மைக் காரைச் சுற்றி ஓடுவதைப் போலவே மாதிரியைச் சுற்றியும் ஓட வேண்டும். சாதாரணக் காற்றில் அதற்கு நான்கு மடங்கு வேகம் தேவை. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிஞர் 1883-இல் வெளியிட்ட ஆராய்ச்சியே இதற்கு அடிப்படை. அவர் பெயரால் வழங்கும் எண்ணைக் கல்லூரியில் பொறியியல் படிக்கச் செல்வோர் சந்திப்பீர்கள்.

இனி வண்ணத்துக்கு வருவோம். "பெயின்ட் அடிப்பதில் என்ன அறிவியல்?" என்பவர்கள்தான் அதிகம். அங்கேதான் பாதி அறிவியல் இருக்கிறது.

கார் ஆலையில் பூசப்படும் எல்லாப் பூச்சுகளும் சேர்ந்து ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன்தான். அதே தடிமனை 1/24 மாதிரியில் பூசினால் என்ன ஆகும்? உண்மைக் காரின் மேல் 2.4 மி.மீ. தடிமனுக்குச் சாந்து பூசியதுபோல் ஆகும்! கதவுக்கும் உடலுக்கும் இடையே 5 மி.மீ. இடைவெளி இருந்தால் மாதிரியில் அது வெறும் 0.2 மி.மீ. அதன் இரு ஓரங்களிலும் 0.05 மி.மீ. பெயின்ட் ஏறினாலே பாதி இடைவெளி மூடிவிடும். கதவு இருந்த இடமே தெரியாது. ஆகவே பெயின்டை நீர்க்கக் கலக்கி, மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது என்று பூச வேண்டும். கூர்மையான விளிம்புகளில் பெயின்ட் நிற்காமல் விலகுவதைக் கவனியுங்கள். பாடத்தில் படித்த பரப்பு இழுவிசை அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது.

எனாமல் பெயின்ட் இரண்டு கட்டங்களாகக் காய்கிறது. முதலில் கரைப்பான் ஆவியாகிறது. பிறகு அதிலுள்ள எண்ணெய்ப் பிசின் காற்றின் ஆக்சிஜனுடன் வினைபுரிந்து மெல்ல இறுகுகிறது. விரலில் ஒட்டவில்லை என்றால் முதல் கட்டம் முடிந்தது என்றுதான் பொருள். அவசரப்பட்டு அடுத்த பூச்சை ஏற்றினால் கீழ்ப்பூச்சு சுருங்கி மடிப்பு விழும். கார்ப் பட்டறையில் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, காத்திருந்து பெயின்ட் அடிப்பவரைப் போய்ப் பாருங்கள். அவர் அனுபவத்தால் அறிந்த வேதியியல் நம் பாடநூலுக்குக் குறைந்தது அல்ல.

நிறத்திலும் ஒரு நுட்பம் உண்டு. 18 செ.மீ. காரை அரை மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பது, உண்மைக் காரை 12 மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். தொலைவில் உள்ள பொருளின் நிறம் சற்று வெளிறித் தெரியும். ஆகவே அதே டப்பாப் பெயின்டைப் பூசினாலும் மாதிரி சற்றே கருத்துத் தோன்றும். தேர்ந்த கைவினைஞர் அதில் ஒரு துளி வெள்ளை கலப்பது இதனால்தான்.

இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று உலகம் ஒதுக்கவில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பிஷர் பாடி பிரிவு, 1930 முதல் 1968 வரை இளைஞர்களுக்கு மாதிரி செய்யும் போட்டி நடத்தியது. தாமே கற்பனை செய்த கார்களை மாணவர்கள் 1/12 அளவில் செதுக்கி வண்ணம் பூசி அனுப்பினர். வென்றவர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தது. அவர்களில் பலர் பின்னாளில் கார் வடிவமைப்பாளர்கள் ஆயினர். ஒரு குறை, அது ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே திறந்திருந்தது. அந்தக் குறையை நாம் இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. ஜப்பானின் தாமியா நிறுவனம் போர்ஷே 934 காரின் 1/12 மாதிரியை 1976-இல் வெளியிட்டது. அதற்காக ஒரு போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கி, பகுதி பகுதியாகக் கழற்றிப் பார்த்தார்கள். நல்ல மாதிரி, நல்ல அளவெடுப்பிலிருந்தே பிறக்கிறது.

"இதெல்லாம் பணக்காரப் பொழுதுபோக்கு அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வெளிநாட்டுப் பிளாஸ்டிக் தொகுப்புகளின் விலை அதிகம். ஆனால் தொகுப்பில் அளவெடுக்கும் வேலையை வேறு யாரோ செய்து முடித்துவிட்டார்கள்! உங்களுக்குக் கிடைப்பது மீதி வேலைதான். பழைய நோட்டு அட்டை, வரைபடத்தாள், பசை, டேப் இவை கையில் இருந்தால் முழு வேலையும் உங்களுடையது. அந்த வகையில் அட்டைக் காரே உயர்ந்தது என்பேன்.

எப்படித் தொடங்குவது? உங்கள் தெருவில் நிற்கும் ஆட்டோ ரிக்‌ஷா போதும். காரைவிட அதில் தட்டையான பகுதிகள் அதிகம். உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். நீளம், அகலம், உயரம், சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் ஆகியவற்றை அளந்து குறியுங்கள். வளைவுகளுக்கு, 10 செ.மீ.க்கு ஒரு முறை தரையிலிருந்து உயரத்தை அளந்து வரைபடத்தாளில் புள்ளி வைத்து இணையுங்கள். புகைப்படம் எடுப்பதானால் தள்ளி நின்று எடுங்கள். அருகிலிருந்து எடுத்தால் பக்கத்தில் உள்ள பகுதி பெருத்துத் தெரியும். 1/20 அளவு வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. வண்டியை அளப்பதில் 1 செ.மீ. தவறினால் மாதிரியில் அது அரை மி.மீ.தான். ஆனால் அட்டையை வெட்டுவதில் 1 மி.மீ. தவறினால் உண்மை வண்டியில் அது 2 செ.மீ. எங்கே கவனம் கூடுதலாக வேண்டும் என்பது உங்களுக்கே புரியும்.

எச்சரிக்கை ஒன்று. அட்டைக்குத் தண்ணீரில் கரையும் வண்ணமே போதும். தின்னரும் தெளிப்பான் பெயின்டும் தீப்பற்றக்கூடியவை. அவற்றின் ஆவி உடலுக்குக் கேடு. பெரியவர்கள் துணையோடு, திறந்த வெளியில், அடுப்புக்கு வெகு தூரத்தில் மட்டுமே பயன்படுத்துங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்காட்சியில் ஒவ்வொரு மாதிரியின் பக்கத்திலும் அதன் அளவு விகிதத்தையும், மாணவர் கைப்பட எழுதிய அளவுக் குறிப்பேட்டையும் வைக்கச் சொல்லுங்கள். நடுவர் கையில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். பாதி மதிப்பெண் குறிப்பேட்டுக்கு என்று அறிவித்துவிட்டால் விலைக்கு வாங்கிய மாதிரிகள் தாமே மேசையை விட்டு இறங்கிவிடும். பணம் இல்லாத மாணவனும் மாணவியும் அங்கே சமமாக நிற்பார்கள். அழகு குறையலாம், உண்மை கூடும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். முதல் மாதிரி கோணலாகத்தான் வரும். எந்த இடத்தில், எத்தனை மி.மீ. கோணல் என்று உங்களால் சொல்ல முடிந்தால் போதும். இரண்டாவது மாதிரி நிமிர்ந்து நிற்கும்.