பானட்டை வெட்டலாமா? 'ஹூட் ஸ்கூப்' ஆசைக்கு முன்னால் சில கணக்குகள்

பிக்கப் ட்ரக்கோ எஸ்யூவியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் இருப்பார். பானட் நடுவே திமில் மாதிரி எழும்பி நிற்கும் 'ஹூட் ஸ்கூப்' படத்தைப் போட்டு, "நம்ம வண்டிக்கும் இதை வச்சிடலாமா மச்சி?" என்று கேட்பார். வைக்கலாம்தான். ஆனா, வெட்டிய பானட்டை பழையபடி ஆக்க முடியாது. அதனால் முதலில் கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

ஸ்கூப் எதற்கு?

வெளிக்காற்றை இன்ஜின் பக்கம் திருப்பிவிடத்தான். நம்ம ஊரில் ஓடும் பழைய டொயோட்டா ஃபார்ச்சூனர் 3.0 டீசலைப் பாருங்கள். அதில் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இன்ஜினுக்கு மேலேயே இருந்தது. அதற்குக் காற்று போகத்தான் அந்த ஸ்கூப். அடுத்த தலைமுறையில் இன்டர்கூலர் முன்பக்கம் போனது; ஸ்கூப்பும் காணாமல் போனது. தேவை இருந்தால் ஸ்கூப், இல்லையென்றால் இல்லை. அவ்வளவுதான் லாஜிக்.

பவர் கூடுமா?

100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று தரும் கூடுதல் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. அதனால் 'காற்று வேகமா உள்ளே போகும், வண்டி பறக்கும்' என்பது வெறும் பேச்சு. உண்மையான லாபம் குளிர்ச்சியில்தான். உள்ளே போகும் காற்று 10 டிகிரி குறைந்தால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடும். ஆனால் பெரும்பாலான வண்டிகள் ஏற்கெனவே கிரில் அல்லது ஹெட்லைட் ஓரத்திலிருந்து வெளிக்காற்றைத்தான் எடுக்கின்றன. அப்போ புதுசா என்ன கிடைக்கும்? பெரும்பாலும் லுக் மட்டும்தான்.

செய்வதில் எங்கே சொதப்பும்?

அட்டையில் அளவு வெட்டி, ஃபோமில் வடிவம் செதுக்கி, அதன்மேல் ஃபைபர் கிளாஸ் மேட்டும் ரெசினும் அடுக்கடுக்காகப் போட்டு ஸ்கூப் செய்கிறார்கள். இதுவரை பெரிய சிக்கல் இல்லை. சிக்கல், பானட்டில் கட்டர் வைக்கும்போதுதான். மேல் தகட்டுக்கு அடியில் பானட்டுக்குப் பலம் கொடுக்கும் உள்சட்டம் இருக்கிறது. கீல், லாக் பக்கம் அதை வெட்டிவிட்டால் ஓடும்போது பானட் அதிரும். வெட்டிய விளிம்புக்கு பிரைமர் அடிக்காவிட்டால் துரு பிடிக்கும். ஸ்கூப்பை நேராக ஏர் ஃபில்டரோடு இணைத்து, தண்ணீர் வடிய வழி விடவில்லையா? ஒரு சென்னை மழை போதும். இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் கனெக்டிங் ராடே வளைந்துவிடலாம்.

இன்னொன்று, யாரும் பேசாதது: பாதசாரி. மோதும் தலையின் வேகத்தைத் தாங்கி நசுங்குவதற்காகவே பானட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே இடைவெளி விடுகிறார்கள். அதன்மேல் கெட்டியான ஒரு மேட்டை ஏற்றினால் அந்த ஏற்பாடே கெடும். உயரம் கூடினால் டிரைவருக்கு முன்னால் நிற்கும் குழந்தையும் மறையும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் விவரங்கள் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

ஆனால் ஆர்.சி.யில் பானட் வடிவத்துக்கென்று தனிக் கட்டம் கிடையாது. அப்போ ஸ்கூப் குற்றமா, இல்லையா? நடைமுறையில் அது வண்டியை நிறுத்தும் அதிகாரியின் கையில்தான் இருக்கிறது. இது சரியில்லை. ஜெர்மனியில் மாற்றம் செய்த வண்டியை அங்கீகரிக்கப்பட்ட நிபுணரிடம் காட்டி, பாதுகாப்பானது என்றால் சான்று வாங்கி ஓட்டலாம். இங்கேயும் எது செய்யலாம், எதற்குச் சான்று வேண்டும், எது கூடவே கூடாது என்று ஒரு தெளிவான பட்டியல் வேண்டும். அது வந்தால் வண்டிக்காரருக்கும் நிம்மதி, பட்டறைக்காரருக்கும் நிம்மதி, ரோட்டில் நடப்பவருக்கும் பாதுகாப்பு.

அதுவரை? ஆசை லுக்குக்காக மட்டும் என்றால், பானட்டில் கட்டர் படாமல் இருப்பதே நல்லது. அந்தக் காசுக்கு நல்ல டயர் நாலு மாட்டுங்கள். வண்டியில் வித்தியாசம் நிஜமாகவே தெரியும்.