ஸ்குரூவுக்கும் ஓர் அளவு உண்டு



பால் மரத்தில் கத்தி எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலாக வெட்டினால் மங்கில் பால் சேராது. ஆழமாக வெட்டினால் மரத்தில் காயம் விழும். புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். மரத்தைத் தொடாமல் ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்டுவதே நல்ல வெட்டு. அந்த அளவு தவறுகிறதா என்று பார்க்கக் கண்டக்டர் நிரை நிரையாக வருகிறார். காயத்தை எண்ணுகிறார், மாதத்தில் எவ்வளவு பட்டை தீர்ந்தது என்று அளக்கிறார். தவறு கண்டால் மறுநாள் பெரட்டில் அதே பேச்சுத்தான்.

இப்படித் தொழிலாளியின் கைக்கு மில்லிமீட்டர் கணக்குப் பார்க்கும் நிர்வாகம், அதே தொழிலாளி உறங்கும் லயத்து வீட்டில் மின்சாரக் கம்பியை ஸ்குரூவில் எந்த அளவுக்கு முடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்பதே இல்லை. இது சின்ன விஷயம் என்று எண்ணாதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கிராணியாக இருந்த ஒரு தோட்டத்தில், ஒரு லயத்தில் மூன்று நாளாகக் கருவாட்டு வாடை. பக்கத்து வீட்டார் கருவாடு வைத்திருக்கிறார்கள் என்று இவர்கள் நினைத்தார்கள். இவர்கள்தான் என்று அவர்கள் நினைத்தார்கள். நான்காம் நாள் விடியற்காலை, பெரட்டுக்குப் போகுமுன் தண்ணீர் கொதிக்கவைக்க மின்சாரக் கெத்தலைப் போட்டபோது பிளக் பாயிண்டிலிருந்து புகை கிளம்பியது. வீட்டுக்காரர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அடைத்தார். சுவரில் உள்ளங்கை அளவு கரியோடு போயிற்று. பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

வயர்மேன் வந்து பாயிண்டைக் கழற்றிப் பார்த்தார். மூன்று ஸ்குரூவில் ஒன்று விரலால் தொட்டாலே சுற்றியது. மூன்று நாளாக அடித்தது கருவாட்டு வாடை அல்ல. சில வகைப் பிளாஸ்டிக் சூடேறினால் மீன் வாடைதான் அடிக்கும்.

ஆபீஸில் என்ன செய்தோம் தெரியுமா? "குடியிருப்பவரின் கவனக்குறைவு" என்று எழுதி, புதுப் பாயிண்டின் விலையை அந்தப் பால்வெட்டுத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்தோம். அந்தக் கணக்கை எழுதியவன் நான்தான். சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்பதை 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது, முதலாளி நினைத்ததையெல்லாம் பிடிக்க முடியாது என்று சங்கத் தலைவர் எடுத்துச் சொன்ன பிறகே பணம் திரும்பக் கிடைத்தது. எனக்கு வெட்கம் மிஞ்சியது.

கதை அதோடு முடியவில்லை. வசவு வாங்கிய வயர்மேன், அந்த லயம் முழுவதும் சென்று எல்லாப் பாயிண்டையும் முழு பலத்தோடு முடுக்கிவிட்டார். இரண்டு மாதம் கழித்து வேறொரு வீட்டில் அதே கரி. திறந்து பார்த்தால், அளவுக்கு மீறி முடுக்கியதில் மறை தேய்ந்து, கம்பியின் இழைகளில் பாதி அறுந்து கிடந்தன. தளர விட்டாலும் தீ, இறுக்கி நெரித்தாலும் தீ!

இதன் காரணத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பியும் பித்தளையும் அழுந்தித் தொடாத இடத்தில் மின்சாரத்துக்குத் தடை கூடுகிறது. தடை கூடிய இடத்தில் சூடு பிறக்கிறது. 3,000 வாட் கெத்தல் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். தளர்ந்த ஸ்குரூவில் 0.2 ஓம் தடை இருந்தால் போதும். 13ஐ 13ஆல் பெருக்கி, வந்ததை 0.2ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 34 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் சூட்டுக்கோலின் சக்தி இவ்வளவுதான். அந்தச் சூட்டுக்கோலைப் பலகைச் சுவருக்குள் சொருகி வைத்தது போலாகும்.

பியூஸ் காப்பாற்றாதா என்று கேட்கலாம். அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் ஓடினால்தான் பியூஸ் அறுபடும். தளர்ந்த ஸ்குரூ மின்சாரத்தைக் கூட்டுவதில்லை. சற்றுக் குறைக்கவே செய்கிறது. மின்கசிவைத் தடுக்கும் சுவிட்சோ, மின்சாரம் வழி தப்பி மண்ணுக்குப் போனால்தான் விழும். இங்கே கசிவும் இல்லை. காவலர் இருவரும் விழித்திருக்கும்போதே வீடு பற்றிக்கொள்ளும். பிரிட்டனில் வீட்டு மின்பெட்டிகள் தீப்பற்றியதற்குத் தளர்ந்த இணைப்புகள் முக்கியக் காரணம் என்று கண்டு, 2016 ஜனவரி 1 முதல் வீடுகளில் புதிதாக வைக்கும் பெட்டிகளின் கூடு உலோகம் போன்ற எரியாத பொருளாக இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள்.

அப்படியானால் பலங்கொண்ட மட்டும் முடுக்கிவிடலாமா? கூடாது. முடுக்கும்போது ஸ்குரூ கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டு, ஸ்பிரிங் போல இழுத்துப் பிடிக்கிறது. அந்தப் பிடிதான் கம்பியை அழுத்தி வைக்கிறது. அளவு மீறினால் இழுப்புச் செத்துவிடும். செம்பு மெதுவான உலோகம், நசுங்கி விலகும். அலுமினியம் இன்னும் மோசம். அடிக்கட்டையும் விரிசல் விடும்.

ஆகவே தயாரிப்பாளர் ஓர் அளவு சொல்லுகிறார். நியூட்டன் மீட்டர் என்பது அதன் பெயர். 2 நியூட்டன் மீட்டர் என்றால், 20 சென்டிமீட்டர் நீளமுள்ள பிடியின் நுனியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்ட முறுக்கு. சிறிய சுவிட்சுக்கு ஓர் அளவு, மெயின் சுவிட்சுக்கு வேறோர் அளவு. பொருளின் மேலோ, கூட வரும் தாளிலோ அச்சிட்டிருப்பதுதான் சட்டம். அந்த அளவை வைத்துத் திருப்பினால், அளவு வந்ததும் 'கிளிக்' என்று சொல்லி வழுக்கிவிடும் ஸ்குரூ டிரைவர் கடையில் கிடைக்கிறது. அளவு குறிப்பிட்ட பொருளுக்கு அளவு பார்க்கும் கருவி வேண்டும் என்று அமெரிக்க மின்சார விதிகளில் 2017ஆம் ஆண்டிலேயே சேர்த்துவிட்டார்கள்.

"முப்பது வருஷமாகக் கை அறிந்த வேலை, கருவி எதற்கு?" என்று மூத்த வயர்மேன்கள் கேட்கிறார்கள். அவர்கள் கையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் காலையில் இருக்கும் கை மாலையில் இருப்பதில்லை. நுனி மழுங்கிய ஸ்குரூ டிரைவர் ஒரு மாதிரி ஏமாற்றும். எண்ணெய் பட்ட மறை வேறு மாதிரி ஏமாற்றும். "வருஷா வருஷம் கால் சுற்று முடுக்கி வைத்தால் நல்லது" என்பதும் தவறான பழக்கம். சரியாக இருந்த ஸ்குரூவும் அதனால் அளவு மீறிப் போகும்.

ஒன்றை மறக்க வேண்டாம். வயர்மேனும் நம்மைப் போல் உழைப்பாளிதான். பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசி, ஒரே நாளில் ஒரு லயத்தை முடிக்கச் சொன்னால் எந்தக் கைதான் அளவு பார்க்கும்? பழியை அவர் தலையில் போடுவது, தீய்ந்த பாயிண்டின் விலையைப் பால்வெட்டுக்காரர் தலையில் போட்டதற்குச் சமம்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. அளவுக் கருவியை நிர்வாகமே தன் செலவில் வாங்கித் தர வேண்டும். வேலைக்குப் பதிவு பெற்ற வயர்மேனையே அழைத்து, அவசரப்படுத்தாமல் நாள் கூலி கொடுக்க வேண்டும். எந்த வீட்டில், எந்தப் பெட்டியில், எந்த அளவில் முடுக்கினார் என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தொழிலாளர் வீட்டுக்கு மின்சாரம் தருவதும் வீட்டைப் பழுதில்லாமல் வைப்பதும் முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் சொல்லுகிறது. நாம் சலுகை கேட்கவில்லை.

வீட்டிலிருப்போருக்கு ஒரு வார்த்தை. பிளக் சுட்டாலும், பாயிண்ட் பழுப்பேறினாலும், விளக்கு மினுக்கினாலும், சமைக்காத நேரத்தில் மீன் வாடை அடித்தாலும் உடனே மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு ஆபீஸில் சொல்லுங்கள். நீங்களே திறந்து முடுக்காதீர்கள்.

சக கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. அப்படி ஒருவர் வந்து சொன்னால், "கவனக்குறைவு" என்று எழுதப் பேனாவை எடுக்குமுன், ஸ்குரூவை அளந்தார்களா என்று கேளுங்கள். நான் கேட்காமல் எழுதியவன், அதனால் சொல்லுகிறேன்.