சிறு கடனும் பெருஞ் செலவும்

கடன்பட்டவன் கடனைத் தீர்க்க வேண்டுமென்பதை மறுப்பார் எவருமிலர். ஆனால், அக்கடனை வசூலிக்க எதிரி வைத்த வக்கீலின் கூலியையும் அவனே சுமக்க வேண்டுமென்பது எந்த நியாயம்?

யான் ஒரு தோட்டத்துக் கிராணி. ஆங்கிலம் படித்தவனென்பதால், லயத்திலுள்ளோர் தமக்கு வரும் கடிதங்களை என் மேசைக்குக் கொணர்வர். ஒருநாள் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் மடித்த காகிதமொன்றை நீட்டினார். வட்டிக்கடைக் கம்பெனி ஒன்றுக்கு அவர் வைத்த பாக்கி 1,800 வெள்ளி. கையிலிருந்ததோ கோர்ட்டுத் தீர்ப்பு! வட்டியோடு வழக்குச் செலவும் அதில் ஏறியிருந்தது.

“சம்மன் வரவில்லையா?” என்றேன்.

“வந்தது கிராணி ஐயா. மலாயில் இருந்தது. பயந்து பெட்டியில் வைத்துவிட்டேன்” என்றார்.

சம்மன் கிடைத்த 14 நாட்களுக்குள் கோர்ட்டில் முன்னிலையாகாதவன்மீது, விசாரணையின்றியே தீர்ப்புப் பெறலாம். தோற்றவன் செலவைக் கொடுப்பதே பொது விதி. அதைத் தளர்த்த நீதிபதிக்கு அதிகாரமுண்டு. ஆயினும், வாய் திறக்க வராதவனுக்காக அவரிடம் கேட்பார் யார்?

மலேசியாவில் 5,000 வெள்ளிக்கு மேற்படாத வழக்கை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வக்கீலின்றி நடத்த, 2012ஆம் ஆண்டுக் கோர்ட்டு விதிகளின் 93ஆம் கட்டளை வழிசெய்கிறது. நல்ல ஏற்பாடே! ஆனால், அவ்வாயிலில் வாதியாக நுழையும் உரிமை தனி மனிதனுக்கு மட்டுமே உண்டு. கம்பெனி வக்கீலோடு வேறு வாயிலில் வருகிறது. அவ்வக்கீலின் கூலியில் ஒரு பங்கேனும் தொழிலாளியின் தலையில் விழுகிறது. அண்டை வீட்டான் தொடுக்கும் வழக்கில் கிட்டும் பாதுகாப்பு, பணமூட்டை தொடுக்கும் வழக்கில் கிட்டாதாம்! இது தலைகீழ் நீதியன்றோ?

“கொடுத்த பணத்தைக் கேட்கப் போனவன் கைப்பொருளையும் இழப்பதா?” என்பாருமுண்டு. ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 சதவீதம்வரை வட்டி வாங்க, உரிமம் பெற்றவர்க்குச் சட்டம் இடந்தருகிறது. வாராக் கடனின் நஷ்டத்தை எண்ணித்தானே அவ்வளவு வட்டி? வட்டியிலும் ஈடு, செலவிலும் ஈடு என்றால் ஒரே நஷ்டத்துக்கு இருமுறை கூலி கேட்பதாகும். பணமிருந்தும் பொய்வழக்காடிக் காலங்கடத்துவோன் செலவைக் கொடுக்கட்டும். இல்லாமையால் தவணை தவறியவனை அவனோடு ஒரே தராசில் நிறுத்தலாகாது.

ஆதலின், 5,000 வெள்ளிக்குட்பட்ட கடன்களில், வாதி எவராயினும், அவரவர் வக்கீல் செலவு அவரவரையே சேர்க! இதுவே நம் கோரிக்கை.

சட்டம் திருந்தும்வரை நாம் வாளாவிருக்கலாமா? உரிமமின்றி வட்டித்தொழில் புரிவோன் கொடுத்த கடன் கோர்ட்டில் செல்லாதென்பதையும், முன்னிலையானவன் தவணை கேட்கலாமென்பதையும் லயத்தில் எத்துணைபேர் அறிவர்? அறிந்த நாம் ஏன் சொல்லவில்லை? படித்த தோழர்களே! வேலைமுடிந்து ஒரு மணி நேரம் ஆபீஸ் கதவைத் திறந்துவையுங்கள். பெட்டிக்குள் உறங்கும் சம்மன்களை வெளியே கொணரச் செய்யுங்கள். அவர் பெட்டியில் பூட்டியது காகிதத்தை மட்டுமன்று; தம் பக்கத்து நியாயத்தையும்தான்.