சோப்புக்கு வரி! கோடிச் சொத்துக்கு விடுதலை!

“ஏழை வரி கட்டுவதில்லை, பணக்காரன் கட்டும் வரியில்தான் நாடு நடக்கிறது” என்று பேசுகிறவர்கள் திருப்பூரிலும் உண்டு. 12 லட்ச ரூபாய் வரை வருமான வரி இல்லை என்று 2025-ல் சர்க்கார் அறிவித்ததை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். பவர் டேபிளில் குனிந்திருக்கும் பனியன் தொழிலாளிக்கும், தாராபுரம் வயலில் நாற்று நடும் பெண்ணுக்கும் அதில் பாதியாவது கிடைக்கிறதா? இல்லாத வருமானத்துக்குச் சலுகை!

சனிக்கிழமை சம்பளம் வாங்கிக் கடைக்குப் போகிறோமே, அங்கே நடப்பது என்ன? 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது சோப்புக்கு 18 சதவீதம் வரி. எட்டு வருஷம் கறந்துவிட்டு, 2025 செப்டம்பர் 22-ல்தான் 5 சதவீதமாக்கினார்கள். 2022 ஜூலையில், பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி அனைத்துக்கும் 5 சதவீதம் போட்டார்கள். 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கு மட்டும் விலக்கு! மூட்டையாக வாங்க வசதியுள்ளவர் தப்பினார். 5 கிலோ பை வாங்கியவர் மாட்டிக்கொண்டார்.

கம்பெனி நூலுக்குக் கட்டும் வரியைத் தான் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறது. ஏற்றுமதிச் சரக்கென்றால் சர்க்கார் திருப்பியே கொடுக்கிறது. ஆனால் தன் கையால் தைத்த பனியனையே கடையில் வாங்கும் தொழிலாளி, அந்த வரியை யாரிடம் கழிப்பார்? சுமை கடைசியில் இறங்குவது அவர் தோளில்தான்.

மேலே இருப்பவர்களுக்கோ சலுகை மேல் சலுகை! 1953-ல் வந்த மரணச் சொத்து வரி 1985-ல் ஒழிந்தது. 1957-ல் வந்த சொத்து வரியை 2015 பட்ஜெட் ஒழித்தது. 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30-லிருந்து 22 சதவீதமாக வெட்டினார்கள். இதனால் வருஷத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருமானம் போகும் என்று சொன்னது சர்க்கார்தான். நம்மூர்ச் சிறு பட்டறைக்காரர்களில் பெரும்பாலோருக்கு இதில் ஒரு காசும் இல்லை. அவர்கள் தனியாகவோ கூட்டாகவோ தொழில் நடத்துகிறவர்கள். சலுகை பதிவு பெற்ற கம்பெனிகளுக்கே.

“வரி குறைந்தால் முதலீடு பெருகும், வேலை பெருகும்” என்றார்கள். பெருகியது எது? 2023-24-ல் பெரிய கம்பெனிகளின் லாபம் 22.3 சதவீதம் உயர்ந்தது, வேலைவாய்ப்பு 1.5 சதவீதமே உயர்ந்தது என்று சர்க்காரின் பொருளாதார ஆய்வறிக்கையே ஒப்புக்கொள்கிறது!

தோழர்களே! 1984-ல் இந்தத் திருப்பூரில் பஞ்சப்படிக்காக 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தோம். போராடி வாங்கும் கூலி உயர்வைக் கடைத்தெருவில் வரியாகப் பறிகொடுக்கலாமா? வரியும் கூலிப் பிரச்னையே. எனவே நாம் கோருகிறோம்: பெரும் சொத்துக்கும், தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் கோடிகளுக்கும் மீண்டும் வரி போடு! பெருங்கம்பெனிகளுக்குக் கொடுத்த சலுகையை ரத்து செய்! அரிசி, பருப்பு, துணி, சோப்பு மீது வரி விதிக்காதே! ஆலை வாசலிலும் களத்து மேட்டிலும் இந்தக் கோரிக்கை முழங்கட்டும்!