வடிகட்டி வாங்குமுன் வாளியைப் பாருங்கள்

சென்ற ஆண்டு பள்ளியில் பெற்றோர் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது நான் விட்ட ஒரு சொல், ஒரு குடும்பத்திற்கு நூறு வெள்ளிக்கு மேல் செலவையும் இரண்டு வார அவதியையும் கொண்டுவந்துவிட்டது. அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் இம்மாதம் பேனாவை எடுத்தேன்.

எங்கள் தோட்டத்தில் ஆசிரியர் குடியிருப்புக்கு வருபவை பழைய இரும்புக் குழாய்கள். காலையில் முதல் வாளி தேநீர் நிறத்தில்தான் வரும். பொறுத்துப் பார்த்து, பட்டணத்தில் ஷவர் வடிகட்டி ஒன்று வாங்கி மாட்டினேன். கண்ணாடி போன்ற கூட்டுக்குள் வெள்ளைப் பஞ்சு உருளை. மூன்றாம் வாரத்திலேயே அது செம்மண் நிறமாகிவிட்டது. இத்தனை துருவையா தலையில் ஊற்றிக்கொண்டிருந்தோம் என்று எனக்கே கூசியது. பார்த்தவரிடமெல்லாம் அதன் பெருமையைப் பேசினேன்.

அன்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார். தோட்டத்தை விட்டுத் தாமானில் மலிவு விலை வீட்டுக்குக் குடிபோய்ச் சில மாதங்களே ஆகியிருந்தன. மகளுக்கு விரலிடுக்கிலும் இடுப்பிலும் அரிப்பு. "புதுத் தண்ணி ஒத்துக்கல போல, டீச்சர்" என்றார். நானும் தலையாட்டி வைத்தேன். மறு வாரமே வடிகட்டி வாங்கிவிட்டார்.

பிறகு அந்தப் பிள்ளை தொடர்ந்து பள்ளிக்கு வராமற்போகவே வீடு தேடிப் போனேன். ஷவரைத் திறந்து காட்டினார்கள். ஒழுகும் கூரையிலிருந்து சொட்டுவதுபோல் நாலைந்து இழை விழுந்தது. சுடுநீர்க் கருவியும் வேலை செய்யவில்லை. "இதுக்குக் கீழ நின்னா சோப்பு நாளைக்குத்தான் போகும், டீச்சரம்மா" என்றார் பாட்டி.

என் வீட்டில் நன்றாக ஓடும் வடிகட்டி இங்கே ஏன் இப்படி? காரணம் உயரம். மோட்டார் இல்லாத வீட்டில் தண்ணீரைத் தள்ளுவது தொட்டியின் உயரம் ஒன்றுதான். 10 மீட்டர் உயர நீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். எங்கள் தோட்டத்துத் தொட்டி இரும்புக் கோபுரத்தின் மேல், ஷவருக்கு 12 மீட்டர் மேலே நிற்கிறது. இவர்கள் வீட்டிலோ கூரைக்கடியில்தான் தொட்டி. ஷவருக்கும் அதற்கும் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. கணக்குப் போட்டால் அழுத்தம் 0.15 பார், அதாவது எனக்குக் கிடைப்பதில் எட்டில் ஒரு பங்கு. அந்தச் சிறு தள்ளலை வைத்துக்கொண்டு தண்ணீர் பஞ்சையும் கரியையும் துளைத்து வெளியே வர வேண்டும்.

"அடுப்படிக் குழாயில சீறிக்கிட்டு வருதே, டீச்சர்?" என்று தாயார் கேட்டார். நல்ல கேள்வி. நம் நாட்டு வீடுகளில் வழக்கமாக அடுப்படிக் குழாய் மட்டும் தெருக்குழாயிலிருந்து நேராக வரும். குளியலறைக்குத் தொட்டித் தண்ணீர். ஆகவே அடுப்படியை வைத்துக் குளியலறையை எடை போடக்கூடாது.

பத்து லிட்டர் வாளி ஒன்றை ஷவருக்கடியில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தோம். வடிகட்டியோடு வாளி நிறைய ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. கழற்றிவிட்டுப் பார்த்தால் இரண்டரை நிமிடம். அதாவது நிமிடத்துக்கு நான்கு லிட்டர், அதுவே குறைவுதான். உடனடிச் சுடுநீர்க் கருவி, குறிப்பிட்ட அளவு தண்ணீர் ஓடினால்தான் தானாக மூட்டிக்கொள்ளும். அது ஏன் எரியவில்லை என்பது அப்போது விளங்கியது. வாங்குமுன் பெட்டியில் 'குறைந்தபட்ச அழுத்தம்' என்ற வரியைப் படித்திருந்தால் போதும். நானே படித்ததில்லை.

மூத்த மகன் அதற்குள் ஒரு யோசனை வைத்திருந்தார்: வீட்டுக்குள் வரும் தெருக்குழாயில் நேராக ஒரு பம்ப். வேண்டவே வேண்டாம் என்றேன். அதற்குச் சட்டம் இடங்கொடுக்காது. அக்கம்பக்கத்தார் தண்ணீரை உறிஞ்சுவது ஒரு பாவம். அப்படி உறிஞ்சும்போது குழாய் விரிசல் வழியாக வெளி அழுக்கும் உள்ளே இழுபடும். பம்ப் வைப்பதானால் தொட்டிக்குப் பிறகுதான், அதுவும் தகுதிபெற்ற ஆள் வந்து.

முதலில் செலவில்லாத வேலைகளைப் பார்ப்போம் என்று அவரைக் கூரைக்குள் ஏற்றினோம். தொட்டி மூடி விலகிக் கிடந்தது. அடியில் விரலளவு சேறு. வெளியேறும் குழாயின் வால்வு பாதிதான் திறந்திருந்தது. முன்பு இருந்தவர்கள் எதற்காகவோ திருகி வைத்திருக்கிறார்கள். தொட்டியைக் கழுவி, வால்வை முழுதும் திறந்து, ஷவர் தட்டின் துளைகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தபின் அதே வாளி ஒன்றரை நிமிடத்தில் நிறைந்தது. கருவியும் மூட்டிக்கொண்டது.

வடிகட்டியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. துருவையும் மணலையும் பஞ்சு பிடிக்கும். குளோரின் வாடையைக் கரி ஓரளவு குறைக்கும். ஆனால் ஷவரில் தண்ணீர் கரியைத் தொட்டுக்கொண்டிருப்பது நொடிக் கணக்கில்தான். சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே சேர்ப்பது குளோரமைன், அதைக் கரி பிடிப்பது இன்னும் கடினம். வைட்டமின் சி உருளை குளோரினை முறிக்கும் என்பது மெய்தான். தோலுக்கு ஊட்டம் தரும் என்பதை விற்பவரிடமே விட்டுவிடுவோம். குளோரினை எடுக்கும் வடிகட்டியைத் தொட்டிக்கு முன்னால் மட்டும் மாட்டாதீர்கள். தொட்டியில் கிருமி வளராமல் காப்பதே அதுதான். உருளையைக் காலத்தில் மாற்றாவிட்டால் ஈரப் பஞ்சிலும் கிருமி குடியேறும்.

இனி என்னை உறுத்தும் செய்தி. பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தேன். இரவில்தான் அரிப்பு அதிகம் என்றாள். தம்பியும் சொறிந்துகொண்டிருந்தான். மறுநாள் அரசாங்கக் கிளினிக்கில் டாக்டர் ஒரு பார்வையில் சொல்லிவிட்டார்: சிரங்கு. கண்ணுக்கு எளிதில் தெரியாத பூச்சி தோலுக்குள் குடைந்து முட்டையிடுவதால் வருவது. எந்தத் தண்ணீர் ஆனாலும், எந்த வடிகட்டி போட்டாலும் அது போகாது. வீட்டில் அரிப்பு இல்லாதவர் உட்பட எல்லாரும் ஒரே நாளில் மருந்து பூசி, துணிமணி, படுக்கை விரிப்புகளைச் சுடுநீரில் துவைக்க வேண்டும். கூட்டத்தன்று "கிளினிக்குக்குக் காட்டுங்கள்" என்று நான் சொல்லியிருந்தால் தம்பிக்குத் தொற்றியிருக்காது.

இப்போது அவள் பள்ளிக்கு வருகிறாள். கையில் சில வடு மட்டும். வடிகட்டியை நானே வாங்கிக்கொண்டேன். பணத்தை வாங்க அந்தத் தாய் மறுத்ததால், பிள்ளையின் பயிற்சிப் புத்தகக் கணக்கில் கட்டினேன். ஷவர் நன்றாக ஓடுகிறதாம். பாட்டி மட்டும் இன்னும் வாளியில்தான் குளிக்கிறார்.