மனை காட்டும் நம் பிள்ளைகளுக்கு ஒரு பதிவு எண் வேண்டும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செம்மங்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய கணவனும் மனைவியும் ஒரு தம்பியின் பெயரைச் சொல்லி வீடு கேட்டார்கள். பி.காம். முடித்தவன். சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை நின்றுபோன பிறகு, மனை விற்கும் ஒருவரிடம் சேர்ந்து வருகிறவர்களுக்கு சைட் காட்டிக்கொண்டிருந்தான். அவன் காட்டிய மனைக்கு இவர்கள் ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள். பிறகுதான் மனைப்பிரிவுக்கு அப்ரூவலே இல்லை என்று தெரிந்திருக்கிறது. ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது, போனை யாரும் எடுப்பதில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒரே முகம் இவன்தான். அந்த ஒரு லட்சத்தில் இவனுக்குக் கிடைத்தது ஐந்நூறு ரூபாயும் பெட்ரோல் காசும். வாசலில் நின்று அவன் அம்மா அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பக்கம் சிப்காட், நடுவில் விழுப்புரம் - நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை. சாலை வந்தால் பின்னாலேயே கலர் கொடி வரும். இந்த வியாபாரத்தில் யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்தால், முதுகலையில் நான் படித்த சாதிப் படிநிலை அப்படியே இருக்கிறது. நிலம் வைத்திருப்பவர், பிரித்து விற்பவர், கமிஷனைக் கணக்குப் போடுபவர் எல்லாம் ஊர்த்தெரு. வெயிலில் பைக் ஓட்டி மனை காட்டுவது காலனிப் பையன். அதிலும் காலனியை ஒட்டிய நிலம் என்றால், "உங்க ஆளுங்கதானே, நீயே பேசி முடிச்சுடு" என்று இவனைத்தான் அனுப்புவார்கள்.

இந்த வேலைக்கு ஒரு சட்டம் இருக்கிறது என்பதே அந்தத் தம்பிக்குத் தெரியாது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், 2016. ரெரா என்று சொல்கிறோமே, அதுதான். முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2017 மே 1-இல். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவையோ, எட்டு வீட்டுக்கு மேற்பட்ட அடுக்குமாடியையோ விற்க வேண்டுமானால் முதலில் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிவான திட்டத்தில் மனை விற்றுக் கொடுக்கும் முகவரும் 9-ஆம் பிரிவின்படி தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவு பெற்ற முகவர், பதிவு இல்லாத திட்டத்து மனையை விற்க உதவக் கூடாது என்கிறது 10-ஆம் பிரிவு. இவற்றை மீறினால் 62-ஆம் பிரிவின்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், மனை விலையில் 5 சதவீதம் வரை ஏறும். ஐந்நூறு ரூபாய்க்கு அலைகிறவன் தலை மேல் இது தொங்குகிறது என்பதை அவனிடம் யாரும் சொல்லவில்லை.

பதிவு செய்வது அப்படியொன்றும் மலை இல்லை. சட்டம் எந்தப் படிப்பையும் தகுதியாகக் கேட்கவில்லை. (மகாராஷ்டிராவில் 2023 முதல் பயிற்சியும் தேர்வும் கட்டாயமாக்கியிருக்கிறார்கள்.) தமிழ்நாட்டில் ரெரா அலுவலகம் சென்னை எழும்பூரில் இருந்தாலும் விண்ணப்பம் இணையத்தில்தான். படிவம் ஜி, பான் கார்டு, புகைப்படம், முகவரிச் சான்று, முந்தைய மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு. கணக்குத் தாக்கல் செய்யும் அளவுக்கு வருமானம் இல்லாதிருந்தால் அதற்கு ஓர் உறுதிமொழி. தனிநபருக்குக் கட்டணம் நிறுவனத்தைவிடக் குறைவு, ஆனாலும் அது ஆயிரங்களில்தான். பதிவு ஐந்து வருடம் செல்லும். முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்தப் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும், கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். கமிஷன் எத்தனை சதவீதம் என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "பார்த்துச் செய்வோம்" என்ற வார்த்தையில் நம் தாத்தாக்கள் இழந்த கூலி போதும்.

நடைமுறையில் இடிப்பது வேறு இடம். அந்தக் கட்டணத்தை ஒரே தடவையில் எடுத்து வைக்க நம் வீடுகளில் எத்தனை பேரால் முடியும்? ஆபீஸ் போட கடலூர் டவுனில் ஓர் அறை கேட்டுப் போனால் முதல் கேள்வி என்னவென்று உங்களுக்கே தெரியும். தாட்கோ ஆட்டோவுக்குக் கடன் தருகிறது, கடை வைக்கத் தருகிறது. முகவர் பதிவுக் கட்டணத்தையும் முதல் வருட ஆபீஸ் செலவையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நாம் மனு கொடுக்க வேண்டும். இது சின்னக் கோரிக்கை என்று சில தோழர்கள் சிரிக்கலாம், சிரிக்கட்டும்.

அதே தோழர்கள் வேறொன்றும் கேட்கிறார்கள். "நிலம் மீட்கப் போராடுகிற சமூகம் புரோக்கர்களை உருவாக்கணுமா?" நியாயமான கேள்விதான். 1892-இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து நமக்குத் தரப்பட்டது பஞ்சமி நிலம். பத்து வருடம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் நம்மவருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை. அந்த நிலம் எப்படிப் போனது? பெரும்பாலும் அடியாளை வைத்துப் பிடுங்கவில்லை. கைமாற்றுக் கடன், கைநாட்டு, நடுவில் ஒரு தரகர். அதை மீட்கப் போய்த்தான் 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். தரகர் இல்லாத நிலச் சந்தை நாளைக்கே வந்துவிடப் போவதில்லை. அதுவரை அந்த நாற்காலியில் உட்காருபவருக்கு ஏ-பதிவேடு படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இப்போதைய பட்டாவை மட்டும் பார்த்தால் போதாது. 1980-களின் யூடிஆருக்கு முந்தைய பதிவேட்டில் அந்த சர்வே எண் எப்படி இருந்தது என்று தாலுகா ஆபீஸில் நகல் கேட்க வேண்டும், தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். வில்லங்கச் சான்று பத்திரங்களைத்தான் காட்டும், 1892-இன் நிபந்தனையைக் காட்டாது. ரெரா எண் இருப்பதாலேயே அந்த இடம் பஞ்சமி இல்லை என்றும் ஆகிவிடாது. இதையெல்லாம் தெரிந்த நம் பிள்ளை ஒருவன் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால், கல் நடுவதற்கு முன்பே நமக்குத் தகவல் வந்துவிடும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் என்று தாட்கோவில் உண்டு. நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண்கள் விவசாய நிலம் வாங்க 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். விற்பவர் நம் சமூகத்தவராக இருக்கக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான், நிலம் நம் பக்கம் வர வேண்டும் அல்லவா. ஆனால் நமக்கு விற்கச் சம்மதிக்கும் ஊர்க்காரரை யார் தேடித் தருவது? எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் மூன்று கிராமம் அலைந்தார். புரோக்கர்கள் பெயரைக் கேட்டதும் "இப்ப எதுவும் இல்லைம்மா" என்றார்களாம். விவசாய நில விற்பனைக்கு ரெரா பதிவு தேவையில்லை. ஆனால் மனைத் தொழிலில் காலூன்றிய நம் முகவர் ஒருவர் இருந்தால் அந்த அக்காவுக்குப் போய் நிற்க ஓர் இடம் இருந்திருக்கும்.

அந்த "எதுவும் இல்லைம்மா"வுக்கு நம் ரெரா சட்டத்தில் தண்டனை இல்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்களிடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11-இல் கையெழுத்தான நியாய வீட்டுவசதிச் சட்டம், காலியாக இருக்கும் வீட்டை இனம் பார்த்து இல்லை என்று சொல்வதைக் குற்றமாக்கியது. தரகரையும் அது விடவில்லை. அதனால் அங்கே பாகுபாடு ஒழிந்துவிடவில்லை, ஆனால் வழக்குப் போட ஒரு கதவு திறந்தது. நம் ரெரா சட்டம் முகவரின் பொய் விளம்பரத்தைத் தடுக்கிறது, சாதி கேட்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் இதைக் கையில் எடுக்கலாம். சாதி பார்த்து மனை மறுக்கும் முகவரின் பதிவை ரத்து செய்யும்படி மாநில விதியில் திருத்தம் கேட்டு ஒரு வரைவு எழுதுங்கள். நானும் உட்காருகிறேன்.

எங்கள் தெருத் தம்பிக்கு இப்போது பான் கார்டு வந்துவிட்டது. கட்டணத்துக்குச் சீட்டுப் பணம் எடுக்கலாமா என்று கேட்டான், வேண்டாம் என்றேன். அடுத்த வாரம் ஆறு பேர் மனுவோடு கடலூர் தாட்கோ ஆபீஸுக்குப் போகிறோம். அட்வான்ஸ் கொடுத்த தம்பதியும் போலீஸ் புகாரில் இவன் பெயரைச் சாட்சியாக மாற்றச் சம்மதித்திருக்கிறார்கள்.