'சின்ன' யார் வீட்டுச் சொல்?

அண்மையில் நாஞ்சில் நாட்டு மணவிழா ஒன்றில் என் அருகே அமர்ந்து உண்ட இளைஞர், கல்லூரியில் பட்டம் பெற்றவர், "'சின்ன' என்பதே வடசொல்தானே, ஐயா" என்றார். இலையிலிருந்த சிறுகிழங்கு எனக்குத் தொண்டையில் சிக்கிற்று.

அன்பர்களே! அவர் கூறிய வடசொல்லுக்குப் பொருள் வெட்டுண்டது, அறுபட்டது என்பதே. அவ்வாறாயின் நம் சின்னம்மை வெட்டுண்ட அம்மையா? ஒலி ஒத்தவுடன் உறவு கொண்டாடுவது சொல்லாய்வு ஆகுமா? வடவரின் அச்சொல்லும் நம்மிடையே உண்டு. 'சின்னாபின்னம்' என்பதில் கிடக்கிறது. அதை அவர்களே எடுத்துச் செல்லட்டும். 'சிதைவு' நமக்குப் போதும்.

நம் 'சின்ன' சிறுமையின் உடன்பிறப்பு. றகரமும் னகரமும் ஒரே இடத்தில், நுனிநா அண்ணத்தை ஒற்றப் பிறப்பன என்று தொல்காப்பியர் வகுத்தார். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். தெலுங்கர் 'சின்ன' என்பர். கன்னடர் 'சிக்க' என்பர். விளவங்கோட்டில் மலையாளம் பேசுவார் 'செறிய' என்பர். இத்தனை உறவினர் சூழ வாழும் சொல்லையா ஏதிலியாக்குவது?

இனி, அச்சிறுமையின் வளத்தைக் காண்க. மையீறு கெட்டால் 'சிறு'. ஊர் வந்து சேர்ந்தால் றகரம் இரட்டிச் 'சிற்றூர்'. முதலெழுத்து நீண்டால் 'சீறூர்'. இடையிலுள்ள உகரம் இகரமானால் 'சிறியன்'. பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டிலேயே இவற்றையெல்லாம் ஒரே நூற்பாவில் அடக்கிவிட்டார். நம் மாவட்டத்துச் சிற்றாறு அணையின் பெயரிலும் அந்நூற்பா உயிரோடிருக்கிறது. சிற்றப்பன் மக்கள் வாயில் சித்தப்பா ஆனதும் இவ்வழியே.

சுவீடிய மொழியிலும் 'சிறிய' என்னும் சொல் உருமாறும். 'லீட்டன்' என்பது பொதுப்பாலுக்கு, 'லீட்டெட்' அஃறிணை போன்ற மற்றொரு பாலுக்கு, சுட்டிய ஒருமைக்கு 'லில்லா'. பன்மை வந்தாலோ அவ்வேர் கைவிட்டுவிடும். 'சுமோ' என்னும் வேறொரு சொல்லைத் தேட வேண்டும். இழிவாகச் சொல்லவில்லை, அவரவர் மொழி அவரவர்க்கு அழகு. தமிழிலோ சிறியன், சிறியள், சிறியர், சிறிது, சிறியன என ஐம்பாலும் ஒரே வேரினின்று கிளைக்கின்றன. பெயருக்கு முன் நின்றால் பால் பாராமல் 'சிறிய' என ஒரே வடிவில் அமைகிறது. சுவீடியரைக் கேட்டால் பொறாமைப்படுவர். நம்மவரோ இரவல் என்கின்றனர்!

இவ்வளவும் அவரிடம் கூறினேன். மறுப்பின்றிக் கேட்டார். உணவு முடிந்ததும், "மினி பசுக்கு நேரமாகிவிட்டது" என்று எழுந்தார்.

"சிற்றுந்து" என்றேன்.

"அதுவும் அந்த நூற்பாதானா, ஐயா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார்.